அவனுக்குப் பிறகு ஒரு நாள்

4-2-2021
கடையில் இன்றைக்கு ஒரே சிரிப்பு. தபால்காரர் மீசையில் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டு என் மகன் பாட்டுக்கு டீ குடிக்கப் போய்விட்டான். மனுஷன் பாதி மீசையோடு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, "வீட்டுக்குப் போனா எந்தப் பக்கத்தண்ணே காட்டுறது?" என்கிறார். மீதியையும் நானே எடுத்துவிட்டு, "இப்ப ரெண்டு பக்கமும் காட்டலாம், பத்து வயசு குறைஞ்சுட்டீங்க" என்றேன். கடையே சிரித்தது. திரும்பி வந்த மகன் அடுத்த ஆளுக்குத் துண்டு போட்டான். அவன் மட்டும் சிரிக்கவில்லை. என்ன நடந்தது என்றுகூடக் கேட்கவில்லை.

19-5-2021
மூளை டாக்டர் மகனுடைய ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஏழாம் வகுப்பு படித்த மூஞ்சியை வைத்துக்கொண்டு எல்லாம் புரிந்த மாதிரி உம் கொட்டினேன். முன் மூளை சுருங்குகிறதாம். மறதி நோயில் ஒரு வகையாம். "நாப்பத்தொண்ணு வயசுலயா?" என்றேன். "வரும்" என்றார்.

மருமகள்தான் கேட்டாள்: "எவ்வளவு நாள் இருப்பாரு டாக்டர்?" அவளை முறைத்தேன். அதையேதான் நானும் கேட்க இருந்தேன்.

"ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு அஞ்சாறு வருஷம், சிலருக்குப் பத்தைத் தாண்டியும் போகும். இவருக்கு வேற நோய் எதுவும் இல்ல, நல்ல உடம்பு."

நல்ல உடம்பாம். பெருமையாகத் தலையாட்டித் தொலைத்தேன்.

20-5-2021
எனக்கு அறுபத்தேழு. நெஞ்சில் ஏற்கெனவே ஒரு ஸ்டென்ட். அவனுடையது இளவட்ட நெஞ்சு. எந்த அப்பனும் பிள்ளைக்கு முன்னால் போகவேண்டும் என்றுதான் கேட்பான். எனக்கு அது கட்டுப்படியாகாது. அவன் போன மறுநாள் நான் போனால் போதும். ஒரே ஒரு நாள்.

எழுதிவிட்டேன்.

2-6-2021
சிகரெட் விட்டாச்சு. உப்பு, சர்க்கரை விட்டாச்சு. விடிந்ததும் நடை. சாகாமல் இருப்பது பெரிய வேலையாக இருக்கிறதப்பா.

11-10-2021
கடைக்கு வராதே என்றால் அடிக்க வருகிறான். ஒரு வழி கண்டுபிடித்தேன். சவரக்கத்தியில் பிளேடைக் கழற்றிவிட்டு வெறும் கத்தியைக் கொடுக்கிறேன். சாயங்காலம் நானே அவன் நாற்காலியில் உட்காருகிறேன். நுரை போட்டு, தோலை இழுத்துப் பிடித்து, கத்தியைச் சாய்த்து... கை எதையும் மறக்கவில்லை. நுரை போகிறது, தாடி அப்படியே இருக்கிறது. துடைத்துவிட்டு "ஆச்சு சார்" என்கிறான்.

சார்! பெற்ற அப்பனுக்கு நல்ல மரியாதை.

28-1-2022
நெஞ்சு டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன். கடையைப் பார்த்துக்கொள்ள நான் சொல்லியிருந்த மருமகள் உள்ளே துண்டு துவைத்துக்கொண்டிருந்த நேரம், புது ஆள் ஒருத்தர் மகன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் நுழையும்போது கண்ணை மூடிக்கொண்டு, "இவ்வளவு சுகமா யாருமே எடுத்ததில்லப்பா" என்கிறார். கண்ணைத் திறந்து கன்னத்தைத் தடவினார். முள்ளாக நிற்கிறது.

சிரிப்பார் என்று நினைத்தேன். "கிறுக்கன வச்சுக் கடை நடத்துறியாய்யா?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். மகன் அவருக்கு மறுபடி நுரை போடப் போனான். பிடித்துத் தள்ளிவிட்டார்.

கடையை மூடிவிட்டேன்.

15-8-2022
மருமகள் கிளம்பிவிட்டாள். "மாமா, எனக்கு முப்பத்தஞ்சு. இன்னும் பத்து வருஷம்னா... நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்ணட்டும்?" நேற்று அவன் அடித்த அடியில் அவள் உதடு வீங்கியிருந்தது. பெட்டியை நானே பஸ்வரை தூக்கிப் போகப் பார்த்தேன். வழியில் மூன்று இடத்தில் மூச்சு வாங்க நின்றேன். பிறகு அவள் பெட்டியை அவளே தூக்கிக்கொண்டாள்.

வாசலில் நின்றிருந்தவன் கேட்டது: "சாப்பாடு யாரு போடுவா?"

7-3-2023
நெஞ்சில் வலி. தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவன் ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.
"என்னப்பா, செத்துருவியா?"
பஸ் வந்துவிட்டதா என்று கேட்கிற குரல். பதிலுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டு, என் தட்டில் இருந்த ரொட்டியையும் எடுத்துக்கொண்டான்.

சாகவில்லை. உன்னை விட்டுவிட்டு எங்கேடா சாகிறது?

30-11-2023
பேச்சு நின்றுவிட்டது. நடையும் போய்விட்டது. நான் தூக்க, அவன் சாய, இரண்டு பேரும் விழ... யாராவது பார்த்தால் டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்க்கலாம்.

9-4-2024
சாப்பாடு புரையேறி நுரையீரலுக்குப் போய்விட்டது. காய்ச்சல். ஆஸ்பத்திரி.

டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "குழாய் போட்டு மெஷின்ல வைக்கலாம். பொழச்சாலும் பழையபடி ஆகமாட்டாரு. வேண்டாம்னா வலி தெரியாமப் பார்த்துக்குறோம், ரெண்டு மூணு நாள்ல... நீங்கதான் சொல்லணும்."

அன்றைக்கு நான் எழுதிக் கேட்டது வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு எதிரே வந்து நிற்கிறது. ஒரே ஒரு வார்த்தை: வேண்டாம். இத்தனை வருஷமாக உப்பில்லாமல் தின்றது அதற்குத்தானே? வாயைத் திறந்தேன்.

"எல்லாம் பண்ணுங்கம்மா."

யார்டா சொன்னது அது? நான்தானா? ஐயோ, நான்தான் சொன்னேன். கையெடுத்து வேறு கும்பிட்டேன்.

26-5-2024
பிழைத்துவிட்டான். வயிற்றில் குழாய் வைத்துச் சாப்பாடு போகிறது. உடம்பு தேறுகிறது என்று நர்சுக்கு சந்தோஷம்.

3-9-2024
என் நெஞ்சு இனி பாதி வேலைகூடச் செய்யாதாம். பாரம் தூக்கக்கூடாதாம். அவனைப் பார்த்துக்கொள்ளும் விடுதி ஒன்றில் சேர்த்துவிட்டேன்.

22-9-2024
விடுதியில் அவனைக் கவனிக்கிற ஆளுக்கு என் மகன் வயதுதான் இருக்கும். வாயைத் துடைக்க மகன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "மெதுவா தம்பி" என்றேன். "இதுக்கெல்லாம் எங்கய்யா தெரியப்போகுது?" என்று சிரித்தார். மகன் கண்ணில் தண்ணீர் வந்தது. வலியா, அனிச்சையா, யாருக்குத் தெரியும்.

நானும் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன். நான் போனபிறகும் அவன் இவர் கையில்தானே இருக்கப்போகிறான்.

"உங்களுக்குக் காதுகிட்ட முடி வளர்ந்திருக்கே, வெட்டிவிடவா?" என்று கேட்டு, வராந்தாவில் உட்காரவைத்து வெட்டினேன். பின்கழுத்தைச் சுத்தமாக எடுத்து, தோளையும் கொஞ்சம் பிடித்துவிட்டேன். அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

"மாசாமாசம் வருவீங்களாய்யா?"

"இருக்குறவரைக்கும் வர்றேங்க" என்றேன்.