குமிழிக்கு ஏற்றிய மெழுகுதிரி

மாதா துணை

அன்பு மகள் அனிஷாவுக்கு அப்பா எழுதுவது. எழுத்து அலையில் ஆடும் வள்ளம் மாதிரி மேலும் கீழுமாகப் போகும், பொறுத்துக்கொள். காலையில் உட்கார்ந்தேன், இந்த வரிக்கு வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது, ஆனாலும் எழுத எழுத சந்தோஷமாக இருக்கிறது. இங்கே நானும் உன் அம்மா கிரேஸியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், ஜெர்மனிக்கு ஆராய்ச்சிக்குப் போன நீயும் அப்படியே இருக்க மாதாவிடம் கேட்கிறோம். நலம் விசாரித்தாயிற்று, இனி என் கோபத்தைக் கேள்.

காதுக்குக் கேட்காத பலமான சத்தத்தைத் தண்ணீருக்குள் விட்டால் பொடிப்பொடியாகக் குமிழி பிறக்கும், அது வரிசை பிடித்துக் கிளைகிளையாக ஓடி நடுவில் கூடும் என்று சொல்லி ஒரு படம் அனுப்பினாயே, அதனால் வந்தது எல்லாம். எனக்கு அது நம் ஆற்று முகத்தில் ஓடைகள் கூடுகிற மாதிரி தெரிந்தது. உன் மாமா கிங்ஸ்லிக்கு முக்காடு போட்ட மாதா தெரிந்தாராம். பெரிதாக அச்செடுத்து, சட்டம் போட்டு, கடற்கரையில் மாதா சொரூபம் இருக்கிற கெபியில் மாட்டி, "தண்ணிக்குள்ள தானா தோணின மாதா" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டான். பூ என்ன, மெழுகுதிரி என்ன. பக்கத்து வீட்டு வியாகுலம் பெரியம்மா உன் அம்மாவிடம் வந்து, "அனிஷாட்ட சொல்லி அந்தத் தண்ணியில ஒரு பாட்டில் வாங்கித் தாயேன், முட்டுவலிக்குத் தேய்ச்சுப் பாக்கேன்" என்கிறாள். படம் எடுத்தது நீ என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. நானும் மாதா பிள்ளைதான். ஆனால் தானாகவா தோன்றியது? சத்தத்தை நிறுத்தினால் கண்ணை மூடித் திறப்பதற்குள் கலைந்துபோகிற குமிழியைப் பிடிக்க, கண் வலிக்க அந்தத் தண்ணீர்த் தொட்டி முன்னால் கிடந்தவள் நீ. அதற்காக உன் தங்கை ரெனிஷா கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. கிங்ஸ்லியிடம் கேட்டால், "சாமி காரியத்துல ஏன் மச்சான் சண்டைக்கு வாறிய? குமிழியப் பாக்கவா ஆளு வரும்?" என்று சிரிக்கிறான். அவனைவிட உன் மேல்தான் எனக்குக் கோபம். போனில் சொன்னால் நீயும் சிரித்துக்கொண்டு, "விடுங்கப்பா, எம் பேரு எதுக்கு" என்கிறாய். நீ விட்டால் நானும் விட வேண்டுமா? வள்ளத்துக்குப் பெயர் எழுதுகிற நீலப் பெயிண்டை எடுத்து ஒரு பலகையில் நானே எழுதினேன். இது நீர்க்குமிழி, சத்தத்தால் கூடியது, படம் எடுத்தவள் தொம்மை மகள் அனிஷா என்று. கொண்டுபோய்ப் படத்துக்குக் கீழே கட்டினேன். கைநாட்டு வைத்தே கிழவனாகி, இப்போதுதான் எழுத்துப் படித்தவன் எழுதியதை ஊரே நின்று வாசித்தது மக்கா! கிங்ஸ்லியும் வாசித்துவிட்டுப் போனான். மறுநாள் பார்த்தால் பலகைக்கு முன்னாலும் ஒரு மெழுகுதிரி. உன் பெயரையும் மாதா செய்த புதுமை, அற்புதம் என்று ஆக்கிவிட்டார்களே என்று பிடுங்கி எறியப் போனேன். வியாகுலம் பெரியம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏலே தொம்மை, அது மாதாவுக்கு இல்லலே, ஒம் மவளுக்கு. அங்கன ரொம்பக் குளிராம்லா" என்றாள். பிடுங்கப் போன கையை வைத்துக் காற்று படாமல் அந்தத் திரியை மறைத்துக்கொண்டு நின்றேன்.

மாதா உன்னைக் கைவிட மாட்டார். தலைக்குத் துணி கட்டாமல் வெளியே இறங்காதே. இனி அனுப்புகிற படத்தில் உன் பெயரை அதன் மேலேயே போட்டு அனுப்பு, மறந்துவிடாதே. அடுத்த வாரமும் எழுதுவேன், கோபம் இன்னும் மிச்சம் இருக்கிறது.

இப்படிக்கு, கைநாட்டு இல்லாமல்,
உன் அப்பா தொம்மை