அப்பாவுக்குச் சொல்லிவிட்டேன்

இயேசு மரி சூசை துணை

தோட்டவெளி,
மன்னார்.

அன்பு மகள் பெற்றிசியாவுக்கு,

நீயும் மருமகனும் சின்னவளும் அந்தக் குளிருக்குள் சுகமாய் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே நான் சுகம். அப்பாவும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, எழுதமாட்டேன். நீ கோபப்பட்டாலும் பரவாயில்லை, ஈரலில் இருப்பது புற்றுநோய்தான் என்று செவ்வாய்க்கிழமை அவரிடம் சொல்லிவிட்டேன்.

அப்பாவிடம் மூச்சு விடக்கூடாது என்று நீ போனில் அழுது சத்தியம் வாங்கினாய், நானும் வயிற்றுப்புண் என்று சொல்லி வைத்திருந்தேன். ஆஸ்பத்திரி நேர்ஸ் வேலையில் பென்சன் எடுத்த பிறகு, இனிச் சுகமாக்க முடியாத நோயாளர்களை வீட்டிலேயே போய்ப் பராமரிக்கும் இந்த வேலையை நானும் பஸ்னாவும் ஒரு பழைய வானோடு தொடங்கியது உனக்குத் தெரியும். அந்த நாளில் எங்கள் வானைக் கண்டாலே சனத்துக்குப் பயம். வாசலில நிறுத்தாதேங்கோ மிஸி, அவருக்கு விளங்கிப்போடும் என்று இலுப்பைக்கடவை வரைக்கும் எத்தனை வீட்டில் கெஞ்சினார்கள்! சந்தியில் இறங்கி, மருந்தைச் சந்தைப் பைக்குள் மறைத்துக்கொண்டு நடப்போம். நோயாளிக்குச் சொல்லுங்கோ, அவருக்கும் ஆக்களோட கதைக்க, சாமியாரைக் கூப்பிட நேரம் வேணும் என்று ஆறு வருடமாய் ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவள் நான். செவ்வாய்க்கிழமை அப்பாவின் வலிக்கு மோர்பின் பாணி கொண்டுவந்த பஸ்னாவிடம், வானைச் சந்தியில விட்டிட்டு வாம்மா என்று அதே நான் சொன்னேன். அவள் பையோடு அந்த வெயிலில் நடந்து வந்தாள். எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது.

அவள் போனதும் அப்பா கதிரையில் சாய்ந்தபடி, உங்கட வான் பழுதோ, பிள்ளை ஏன் நடந்து வாறாள் என்று கேட்டார். பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். எவ்வளவு காலம் என்றார், ஐந்தாறு மாதம் என்றேன். வியாழக்கிழமை அவரே பங்குச்சாமியாரைக் கூப்பிட்டு, எண்ணெய் பூசி மன்றாடும் நோயில் பூசுதல் பெற்றார், சாமியார் படலை தாண்ட முதலே சூடைமீன் பொரியல் கேட்டார், அந்த வாய் மட்டும் மாறவில்லை. நீ சின்னவளின் இருமலுக்குக் கண்ட மருந்தும் கொடுக்காதே, டொக்டரிடம் காட்டு.

அவர் அழுதது ஒருமுறைதான். பெற்றிசியாவுக்குத் தெரியுமோ என்று கேட்டார், ஓம் என்றேன். அப்ப ஞாயிற்றுக்கிழமையில போனில சிரிச்சுச் சிரிச்சுக் கதைக்கிறாளே, பாவம், தனிய எவ்வளவு பாடுபட்டிருப்பாள் என்றார், உடனே உடைந்துபோனார். ஆகையால் வரும் ஞாயிறு நீ சிரிக்கத் தேவையில்லை மகள், அழ வந்தால் அவரோடு அழு.

மாதா உங்கள் மூவரையும் காப்பாளாக. டிக்கெற் பார்க்க மறந்துவிடாதே. அப்பா சொல்கிறார், செத்தவீட்டுக்கு வரவேண்டாமாம், இப்போதே வரட்டாம்.

உன் அம்மா,
ஸ்ரெல்லா