நாற்பத்தேழாம் எண் சட்டை

சான் பெத்ரோ தே மக்கோரிஸ்,
3 மார்ச் 1981, செவ்வாய்.

அன்புள்ள மாப்பிள்ளை நெரேயோவுக்கு, லெயோகாதியோ எழுதிக்கொண்டது.

இங்கே எல்லோரும் நலம். உன் மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. உன் பெயரைச் சொன்னால் பாதி காற்றுதான் வருகிறது. கரும்பு ஆலை ஓடுகிறது, காயப்போட்ட துணியெல்லாம் கரி. என் தங்கையும் நலம்தான். பேச்சுதான் குறைந்துவிட்டது.

நேற்று உன் கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டினாள். ஜனவரி பேஸ்பால் ஆட்டத்தில், நீ பந்தை எறியும் இடைவெளியில் ஓடி ஓடியே எங்கள் அணி ஐந்தே இன்னிங்ஸில் உன்னிடம் ஏழு தளங்களைத் திருடியதிலிருந்து, உன் கை வேகம் போய்விட்டதென்று நினைத்து, வீச்சைச் சுருக்கி அவசரமாக எறிகிறாயாம். முழங்கை வீங்கி ஊசி போட்டுக்கொள்கிறாயாம். உன்னை வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா என்று அங்கே உன்னை எடுத்திருக்கும் மெக்சிகோ அணிக்காரர்கள் சனிக்கிழமை ஆட்டத்தில் முடிவு செய்வார்களாம். படித்து முடித்த இசிட்ரா, "அண்ணே, அவருக்குக் கை போயிடுச்சாமே. நீ எழுதினாத்தான் கேப்பாரு. நாலு வார்த்தை தைரியமா எழுதேன்" என்றாள். நான் வறுத்த வாழைக்காய்த் தட்டைத் தள்ளிவைத்தேன்.

மாப்பிள்ளை, உன் கைக்கு ஒன்றுமில்லை. முதுகுதான்.

முதல் தளத்தில் நிற்பவனுக்கு உலகத்தில் ஒரே கேள்வி: நீ அடுத்து எறிவது மட்டைக்காரனுக்கா, தன்னைப் பிடிக்க முதல் தளத்துக்கா? எல்லோரும் உன் குதிகாலைப் பார்ப்பார்கள். அது உனக்கும் தெரியும். கண்ணாடி முன்னால் நின்று அதைப் பொய் சொல்லப் பழக்கியிருக்கிறாய். ஆனால் மட்டைக்காரனுக்கு எறியும் முன் நீ ஒரு பெரிய மூச்சு இழுக்கிறாய். முதுகில் இருக்கும் நாற்பத்தேழு ஒரு விரற்கடை மேலே ஏறுகிறது. முதல் தளத்துக்கு எறியும்போது ஏறுவதில்லை. எண் ஏறினால் ஓடலாம். அவ்வளவுதான்.

இதை நான் ஜனவரியில் கண்டுபிடிக்கவில்லை. நாம் ஒரே அணியில் இருந்த இரண்டாம் வருடமே, பயிற்சியில் பார்த்துவிட்டேன். அன்றைக்கே சொல்லத்தான் உன் வீட்டுக்குச் சாப்பிட வந்தேன். நீ பன்றிக்கறியை மென்றுகொண்டு, எல்லோர் முன்னாலும், "மச்சான், நீ என்னைத் தாண்டி ரெண்டாவது தளத்துக்குப் போகணும்னா பஸ்ஸுலதான் போகணும்" என்றாய். இசிட்ராகூடச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சொல்லவில்லை.

நம் தொழிலில் இது வழக்கம்தான். அடுத்த குளிர்கால ஆட்டங்களில் யார் எந்த அணியின் சட்டை போடுவானோ என்று, எந்த ஓட்டக்காரனும் தன் அணியில் பந்தெறியும் பிட்சரின் குறையை அவனிடம் சொல்வதில்லை. வழக்கம் என்று சொல்லிக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை பூசையில் நிமிர்ந்து உட்காரலாம். மூன்று வருடம் உட்கார்ந்தேன்.

பிறகு உன்னை வேறு அணிக்கு மாற்றினார்கள். ஜனவரி ஆட்டத்தில் நான் திருடியது இரண்டே இரண்டு தளம். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. ஆனால் எங்கள் பயிற்சியாளர் ஃபெர்மின், "டேய், அவன் மனசுல ஓடுறது உனக்கு எப்படிடா தெரியுது?" என்று என் தோளைத் தட்டினார். என்னை அவர் தொட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டேன். பெஞ்சில் இருந்தவர்கள், "யோவ், உன் மாப்பிள்ளை முதுகுல நோட்டீஸ் ஒட்டிக்கிட்டு நிக்கிறான்யா!" என்று கூத்தடித்தார்கள். மீதி ஐந்தை அவர்கள் எடுத்தார்கள்.

ஐந்தாம் இன்னிங்ஸில் உன்னை வெளியே அழைத்தபோது நீ உன் வலது கையையே பார்த்துக்கொண்டு போனாய். நான் மூன்றாவது தளத்தில் நின்று காலணிக் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினேன். மறுநாள் பத்திரிகை என்னைப் பிறவி ஓட்டக்காரன் என்றது. வெட்டி வைத்திருக்கிறேன், பொய் சொல்வானேன். இப்போது கிளப் என்னைச் சின்னப் பையன்களுக்கு ஓட்டம் சொல்லித்தரப் போட்டிருக்கிறது. உன் உதாரணத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறார்கள்.

சனிக்கிழமைக்குள் செய்ய வேண்டியது: பழையபடி முழுக் கையையும் வீசு. ஊசியை விடு. முதல் தளத்துக்கு எறியும் முன்னும் அதே மூச்சை இழு, எறியாதபோதும் சில தடவை இழு. ஒரு ஆளை நிற்கவைத்து உன் முதுகைப் பார்க்கச் சொல். உறவுக்காரன் வேண்டாம்.

தபாலை நம்பாமல், அங்கே விளையாட வரும் அன்செல்மோ கையில் கொடுத்தனுப்புகிறேன். அவனும் ஓடுகிறவன் என்பதால் உறையை இரண்டு தடவை ஒட்டியிருக்கிறேன்.

இசிட்ராவிடம் இன்னும் சொல்லவில்லை. தைரியமாக நாலு வார்த்தை எழுதிவிட்டதாக மட்டும் சொன்னேன். அவள் எனக்கு நன்றி சொன்னாள். அவளுக்கு நான் சொல்வதா, நீ சொல்வதா என்பதை நீயே முடிவு செய்.

அல்தகிராசியா மாதா உன் முழங்கையைக் காக்கட்டும். ஊருக்கு வந்ததும் முதலில் என் வீட்டுக்கு வா. என்னை அடிக்கத்தான் தோன்றும். அடி, நான் நகரமாட்டேன். இடது கையால் அடி, மாப்பிள்ளை. வலது கை ஆறட்டும்.

உன் மச்சான்,
லெயோகாதியோ