அதே எண், புது ஆட்கள்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். அச்சகத்தில் பதினொரு மணிக்குத்தான் கரண்ட். சயா ஊ தின் எழுதிய புத்தகம், நாலாம் அத்தியாயம் பக்கம் கட்டியாயிற்று. ஜெர்மன் டாங்கிப் படைப்பிரிவுத் தளபதி ஒருவரின் போர்க்காலம். போலந்து, பிரான்ஸ், அத்தியாயத்துக்கு ஒரு பதக்கம். சயா ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். தளபதியைச் சொந்த மைத்துனர் மாதிரி கொண்டாடுகிறார்.

சாயங்காலம் பட்டாளத்துக்குச் சீட்டுக் குலுக்கல். எங்கள் தெருவுக்கு ஓர் ஆள். விழுந்தது எதிர்வீட்டு டோ மியா அக்காவின் ஒரே மகன் மின். என் மகன் செல்வா ரிசர்வில், முதல் பெயர். வீட்டுக்காரி மா சூ பகோடாவுக்குப் போய்ப் புத்தருக்கு விளக்கேற்றினாள். எனக்கும் சந்தோஷம்தான். வெட்கக்கேடு. நல்லவேளை, வீட்டில் யாருக்கும் தமிழ் படிக்க வராது.

ஜூன் 11, புதன்

வாங்க: கொசுவர்த்தி, ங்காப்பி மீன் விழுது, செல்வாவுக்குச் செருப்பு.

டோ மியா இன்று மொஹிங்கா நூடுல்ஸ் கடை போடவில்லை. படியில் உட்கார்ந்து ஒரே அழுகை. "கோழி அறுத்தாலே கண்ணை மூடிக்குவான் தம்பி, அவன் போய்..." தாங்க முடியவில்லை. த்வாண்டே ஊருக்குப் பானை லாரி ஓட்டுபவர் எனக்குப் பழக்கம். போன் போட்டேன். பானைகளுக்கு நடுவே ஒரு பையன் உட்கார இடம் உண்டாம். நாளை முதல் படகில் மின் ஆற்றுக்கு அக்கரை டாலா போய் லாரி ஏறுவான். யாரிடமும் மூச்சு விடக் கூடாது. மா சூவிடமும்.

ஜூன் 13, வெள்ளி

மின் போய்விட்டான். நிம்மதி.

ஏழாம் அத்தியாயம், ரஷ்யா. படைப்பிரிவு பனியில் அடியோடு அழிந்தது. அடுத்த பக்கத்தில் அதே எண், அதே தளபதி, படை கிளம்புகிறது. நடுவில் தாள் விட்டுப்போயிற்றோ என்று சயாவிடம் போனில் கேட்டேன்.

"ஒண்ணும் விடலை ராஜு. புதுப் பசங்களைப் போட்டு நிரப்பிட்டாங்க. எண் மாறாது."

"பழைய பசங்க?"

"அதான் செத்துட்டாங்களே."

போனை வைத்த பிறகுதான் ரிசர்வ் பட்டியல் உறைத்தது. மின் இல்லையென்றால் மறுபடி குலுக்குவார்கள் என்றல்லவா இருந்தேன். மடையன்.

ஜூன் 16, திங்கள்

வார்டு ஆள் வந்தார். மின்னைக் காணோம், அதனால் செல்வா. புதன்கிழமை பஸ். இவனும் ஓடிவிடாமல் இருக்கத் தெருமுனையில் இரண்டு பேர் காவல்.

ஜூன் 17, செவ்வாய்

கடைசி அத்தியாயம். தளபதி தள்ளாத வயதில், சொந்தக் கட்டிலில், தூக்கத்தில் செத்தார். பக்கம் கட்டிவிட்டுக் கக்கூசில் போய் அழுதேன்.

மா சூவிடம் சொல்ல வேண்டும். மூன்று தரம் சொல்ல வாயைத் திறந்தேன்.

ஜூன் 18, புதன்

வெயில். பஸ்ஸுக்குப் பக்கத்தில் செல்வா என்னைக் கட்டிக்கொண்டு காதில் சொன்னான்: "லாரி ஏறுறப்பவே மின் போன் பண்ணான்ப்பா. அனுப்பினது நீங்கதான்னு எனக்கு அன்னிக்கே தெரியும். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

பஸ் போய்விட்டது.

தெருவுக்குள் வந்ததும் மா சூ எதிர்வீட்டைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினாள். "அந்தப் பையனை ஓட வச்சவன் எவனோ, அவன் புள்ளை திரும்பி வரக் கூடாது!" என் கையைப் பிடித்து உலுக்கினாள். "என்ன மரமாட்டம் நிக்கிறீங்க? நீங்களும் சொல்லுங்க."

சொன்னேன்.