மூணு மணி ஆசாமியும் மூன்று பற்களும்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் ஒரு மேல்வரிசைப் பல் செட் முடித்தேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவருக்கு. "சிரிச்சா கட்டின பல்லுன்னு தெரியக் கூடாது" என்று பல் டாக்டரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். முன்பல் ஒன்றை இம்மியளவு சாய்த்து வைத்தேன். எல்லாம் ஒரே சீராக இருந்தால்தான் பொய்ப்பல் காட்டிக்கொடுக்கும். இருபத்திரண்டு வருஷமாகப் பல் செய்து நான் கண்ட ரகசியம் இது ஒன்றுதான்.

மூன்று பத்துக்கு ஆசாமி வந்துவிட்டார். போன ஏப்ரலில் போனவர். மூணு மணி ஆசாமி என்பது இந்த வலிக்கு நான் வைத்த பெயர். இடது கண்ணுக்குப் பின்னால் சூட்டுக்கோலை நுழைத்து மேல்தாடை வரைக்கும் இறக்குவார். அந்தக் கண்ணில் மட்டும் தண்ணீர் கொட்டும், அந்தப் பக்க மூக்கு மட்டும் ஒழுகும். பட்டறை கீழே, வீடு மாடியில். ஓடிப்போய்க் கூடத்துக்கும் படுக்கையறைக்குமாக நடந்தேன். மனைவி கடைக்குப் போயிருந்தாள். அவளுடைய தலைவலி மாத்திரை அட்டையிலிருந்து ஒன்றை எடுத்து விழுங்கினேன். நாலேகாலுக்கு வலி போய்விட்டது. அவளுக்கும் ஒற்றைத் தலைவலி, எனக்கும் ஒரு பக்க வலி. ஒரே மருந்து இரண்டு பேருக்கும் கேட்கிறது. நல்லதாகப் போயிற்று.

மார்ச் 4, புதன்

மூன்று பத்து. ஒரு மாத்திரை. நாலு பத்துக்குப் போனார்.

மார்ச் 5, வியாழன்

இன்று இரண்டு மாத்திரை. இனி அட்டையில் ஒன்றுதான் இருக்கிறது. அவளிடம் சொல்ல வேண்டும்.

மாத்திரை தற்காலிகம்தான். பல்லைத்தான் பார்க்க வேண்டும். மூன்று வருஷமாக இதே கதை. மார்ச்சில் வலி தொடங்கும், ஏப்ரலில் பல் டாக்டர் ஒரு பல்லைப் பிடுங்குவார், பத்து நாளில் வலி நின்றுவிடும். இடது மேல்வரிசையில் மூன்று கடைவாய்ப்பற்கள் போயாயிற்று. மூன்றையும் என் கையாலேயே செய்து மாட்டிக்கொண்டேன். என் வேலையை நானே கடித்துப் பார்க்கும் பாக்கியம் இந்தத் தொழிலில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? இந்த வருஷம் ஏப்ரல் வரை தாங்காது. சீக்கிரமே நாலாவதையும் எடுத்துவிட வேண்டியதுதான்.

மார்ச் 6, வெள்ளி

எழுதவே கை வரவில்லை.

மத்தியானம் அவளுக்கு மைக்ரேன் வந்துவிட்டது. திரையெல்லாம் இழுத்துவிட்டு, ஈரத்துண்டைக் கண்ணில் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். அட்டையை எடுத்தால் காலி. கடைசி மாத்திரையைக் காலையில் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கீழே போயிருந்தேன் — மூன்று மணிக்கு வேண்டுமே என்று. மூன்று மணிக்கு முன்பே விழுங்கியும்விட்டேன்.

மூன்று எட்டுக்கு எனக்கும் வந்தது. அவள் அசையாமல் கிடக்கிறாள், நான் அவள் கட்டிலைச் சுற்றி நடக்கிறேன். என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அலமாரிக் கண்ணாடியில் நெற்றியை முட்டிவிட்டேன். உடைந்து விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு அவள் வாந்தி எடுத்தாள்.

மார்ச் 7, சனி

போய்விட்டாள். அவள் தம்பி வந்து கூட்டிக்கொண்டு போனான்.

"எனக்கு வலின்னா நான் செத்த மாதிரி கிடக்கறேன். உங்களுக்கு வலின்னா கூட இருக்கறவங்க சாகணுமா?" என்றாள். கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

மச்சினன் படியில் நின்று, "மாமா, தலைவலிக்காரன் எவனாவது கண்ணாடிய உடைப்பானா? இது தலைவலி இல்ல, கோபம்" என்றான்.

கோபமா? யார்மேல்? எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நிஜமாகவே வலிக்கிறவன் படுத்துக்கொள்ளத்தானே வேண்டும்? நான் ஏன் நடக்கிறேன்? பைத்தியமா எனக்கு?

மார்ச் 8, ஞாயிறு

கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கினேன். கட்டிலுக்கு அடி வரை போயிருந்தன.

கல்யாணமான முதல் வருஷம் ஞாபகம் வந்தது. அவள் முதல்முறை இப்படிப் படுத்தபோது நான் சொன்னது: "தலைவலிக்கெல்லாமா பகல்ல படுக்கறது? எங்க வீட்ல யாரும் இப்படிப் படுத்ததில்ல." இருபத்து நாலு வருஷம் ஆகிறது. அப்புறம் எத்தனையோ தடவை விளக்கை அணைத்திருக்கிறேன், துண்டை நனைத்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்த வார்த்தையை ஒருநாளும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

பல் டாக்டரிடம் போனேன். நாலாவதை எடுத்துவிடுங்கள் என்றேன். தட்டித் தட்டிப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார். பிறகு என் பழைய கார்டை எடுத்து வைத்துக்கொண்டார்.

"ஏப்ரல் ஒன்பது. ஏப்ரல் பதினாலு. ஏப்ரல் ஆறு" என்று தேதிகளைப் படித்தார். "உங்க பல்லு என்ன, காலண்டர் பாத்தா கெட்டுப்போகுது?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நாலாவது பல்லை நான் எடுக்க மாட்டேங்க. முதல் மூணையுமே எடுத்திருக்கக் கூடாது. மூணும் நல்ல பல்லு."

மார்ச் 11, புதன்

நல்ல பல்லாம். இப்ப சொல்றாரு. மூணு வருஷம் கழிச்சு, சாவகாசமா, கார்டைப் பாத்துட்டு. என் வாய்ல இருந்தப்ப தெரியலையா நல்ல பல்லுன்னு? அவருக்காக நான் எத்தனை செட் செஞ்சிருப்பேன். இனி ஒரு பல் செய்ய மாட்டேன் அந்த மனுஷனுக்கு.

மாலை. கொஞ்சம் ஆறிவிட்டது. நியாயமாக எழுத வேண்டும் என்றால் இதையும் எழுத வேண்டும்: முதல் தடவை அவர் தயங்கினார். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார். நான்தான் "டாக்டர், பல்லோடயே குடித்தனம் நடத்தறவன் நான், எனக்குத் தெரியாதா எந்தப் பல்லுன்னு?" என்று பிடிவாதம் பிடித்தேன். தொழில் தெரிந்தவன் என்று அவரும் நம்பிவிட்டார். வேறு யாராவது கேட்டிருந்தால் பிடுங்கியிருக்க மாட்டார்.

மார்ச் 13, வெள்ளி

மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பல் டாக்டர் மாடிப்படி ஏறி வந்தார். மத்தியான நோயாளிகளை எல்லாம் வேறு நாளைக்குத் தள்ளிவிட்டாராம். "அது வர்றப்ப எப்படி இருக்கீங்கன்னு நான் ஒரு தடவைகூடப் பாத்ததில்ல. இன்னிக்குப் பாத்துட்டுத்தான் போவேன்" என்று கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மூன்று ஒன்பதுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது, அப்புறம் அதுவும் இல்லை. நடந்தேன், முனகினேன், சுவரில் முட்டினேன். அவர் தடுக்கவில்லை. தலையணையைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். ஐம்பத்தெட்டு நிமிஷம். எல்லாம் முடிந்தபோது அவர் சட்டையெல்லாம் வியர்வை. "இடது கண்ணிமை பாதி மூடிப்போச்சு, பாத்தீங்களா?" என்று கேட்டார். நான் எங்கே பார்ப்பது, கண்ணாடிதான் உடைந்துவிட்டதே.

இத்தனை வருஷமாக என் வாயைப் பார்த்தவர் இன்றுதான் என் முகத்தைப் பார்த்தார். இங்கிருந்தே நரம்பு டாக்டருக்குப் போன் போட்டு நாள் வாங்கினார். போகும்போது படியில் நின்று, "என்ன மன்னிச்சிடுங்க" என்றார். என் பங்கும் இருக்கிறது என்று சொன்னேன். தன் தப்பைத் தானே கார்டில் கண்டுபிடித்து, அதை வாய்விட்டுச் சொல்லி, படியேறியும் வந்த மனுஷன். மூன்று பல் போனாலும் எனக்கு இப்படி ஒருத்தர் கிடைத்தார். நன்றியாகத்தான் இருக்கிறது.

மார்ச் 17, செவ்வாய்

நரம்பு டாக்டர் ஒரு பெண். என்னைவிடச் சின்னவர். முதல் கேள்வியே இதுதான்: "வலி வந்தா படுப்பீங்களா, நடப்பீங்களா?"

"நடப்பேன்."

"சுவத்துல முட்டிக்கத் தோணுமா?"

தலையை மட்டும் ஆட்டினேன். வெட்கம் கெட்டுப்போய் அழுதேன். அவர் ஒரு தம்ளர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார்.

கிளஸ்டர் தலைவலி என்று பெயராம். சொல்லிவைத்தாற்போல் ஒரே நேரத்துக்கு வரும், சில வாரம் தினமும் வரும், பிறகு மாதக்கணக்கில் காணாமல் போகும். மைக்ரேன் வேறு, இது வேறு. மைக்ரேன்காரர்கள் அசைந்தால் வலி கூடும், அதனால் அசைய மாட்டார்கள். இது வந்தவர்களால் அசையாமல் இருக்க முடியாது. "கோபமில்லையா டாக்டர்?" என்று கேட்டேன். "இல்ல. வலி" என்றார்.

"ஆனா மாத்திரை போட்டா ஒரு மணி நேரத்துல போயிடுதே?"

"போடலன்னாலும் ஒரு மணி நேரத்துல போயிருக்கும்."

"பல்லை எடுத்ததும் நின்னுதே?"

"எடுக்கலன்னாலும் ஏப்ரல்ல நின்னிருக்கும்."

நாக்கால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். என் கைவேலை, வழவழவென்று இருந்தது.

ஸ்கேன் எடுக்க வேண்டும், ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும், அப்புறம் தினமும் ஒரு மாத்திரை. வலி வரும்போது முகமூடி வைத்து ஆக்சிஜன். மனைவிக்கு மைக்ரேன் என்றதும் நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டு பேரும் ஒரே வீட்லயா? அவங்க மாசத்துக்கு எத்தன மாத்திரை போடறாங்க? அவங்களையும் ஒருநாள் வரச் சொல்லுங்க." வரச் சொல்வது இருக்கட்டும், முதலில் அவள் என்னோடு பேச வேண்டும்.

மார்ச் 18, புதன்

காலையிலேயே மச்சினன் வீட்டுக்குப் போனேன். அவன் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டான். அவள் வாசலறையில் வந்து உட்கார்ந்தாள். டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். அட்டையில் இருந்த ஐந்து மாத்திரையும் நான் தின்றதை ஒளிக்காமல் சொன்னேன். முதல் வருஷம் சொன்ன அந்த வார்த்தையையும் சொல்லி, தப்பு என்றேன்.

"அது ஞாபகம் இருக்கா உங்களுக்கு?" என்றாள்.

"இருக்கு."

"எனக்கும்தான்" என்றாள்.

திரும்பி வா என்று கேட்க வாய் வரவில்லை. அவளும் வருகிறேன் என்று சொல்லவில்லை. கிளம்பும்போது மட்டும், "அந்த டாக்டர் நம்பரைக் குடுங்க" என்றாள்.

மார்ச் 21, சனி

ஸ்கேனில் கெட்டது எதுவும் இல்லை. ஈ.சி.ஜி.யும் சரி.

ஆக்சிஜன் சிலிண்டரை இரண்டு பேர் மாடிக்குத் தூக்கி வந்து படுக்கையறையில் வைத்து, பக்கத்தில் நெருப்பு கூடாது என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனார்கள். மூன்று பதினொன்றுக்கு வந்தது. முகமூடியை அழுத்திக்கொண்டு, குழாயைத் திருகி, முன்னால் குனிந்து உட்கார்ந்து மூச்சு இழுத்தேன். ஐந்தாவது நிமிஷத்தில் சிலிண்டரை ஜன்னல் வழியாக எறியலாம் என்று தோன்றியது. பத்தாவது நிமிஷத்தில் சூட்டுக்கோல் பின்னால் நகர்ந்தது. பதினாலாவது நிமிஷத்தில் இல்லை.

இல்லவே இல்லை. வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துப் போவது கேட்டது. போன உயிர் திரும்பி வந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். சொல்ல வீட்டில் யாரும் இல்லை. பல் டாக்டருக்குப் போன் செய்தேன். "எத்தன நிமிஷம்? எத்தன நிமிஷம்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

மார்ச் 24, செவ்வாய்

பதினாறு நிமிஷம். சாயந்திரம் பல் டாக்டருக்கு ஒரு கீழ்வரிசை செட் செய்து அனுப்பினேன்.

மார்ச் 28, சனி

இரண்டே முக்காலுக்குக் கதவு தட்டும் சத்தம். அவள்தான். "பாக்கலாம்னு வந்தேன்" என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்று எட்டிலிருந்து மூன்று இருபத்தைந்து வரை வைத்த கண் வாங்காமல் என்னைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக நான் நடக்க ஆரம்பித்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

முடிந்ததும், "கண்ணு இப்படிச் சிவந்துபோகுமா?" என்று கேட்டாள். அப்புறம், "இது கோபம்னு நெனச்சேன்" என்றாள்.

வியாழக்கிழமை அவளும் நரம்பு டாக்டரைப் பார்த்திருக்கிறாள். வலி மாத்திரையை அடிக்கடி போட்டுப் போட்டு அதுவே வலியைக் கூட்டியிருக்கிறதாம். அதைக் குறைக்கச் சொல்லி, வலி வராமல் தடுக்கத் தனி மாத்திரை கொடுத்திருக்கிறார். "உங்க புண்ணியத்துல அஞ்சு மாத்திரை குறைஞ்சுது" என்றாள். கேலியா, நிஜமா தெரியவில்லை. எப்படியானாலும் கேட்க இனிமையாகத்தான் இருந்தது.

இரவு தங்கிவிட்டாள். ஆனால் பையைப் பிரிக்கவில்லை. கதவோரமாக அப்படியே வைத்திருக்கிறாள். வேண்டிய துணியை அதிலிருந்தே எடுக்கிறாள்.

ஏப்ரல் 2, வியாழன்

பன்னிரண்டு நிமிஷம். தினசரி மாத்திரை பிடிக்க ஆரம்பித்திருக்கிறது போல. பை கதவோரம்தான் இருக்கிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற தகுதியில் நான் இல்லை.

ஏப்ரல் 9, வியாழன்

இதே தேதியில்தான் முதல் பல்லைப் பிடுங்கிக்கொண்டேன்.

மத்தியானம் அவளுக்கு மைக்ரேன் வந்துவிட்டது. திரையை இழுத்துவிட்டேன், துண்டை நனைத்துக் கொடுத்தேன். மணியைப் பார்த்தால் இரண்டு ஐம்பது. சிலிண்டர் அவள் தலைமாட்டில் நிற்கிறது. திறந்தால் உஸ்ஸென்று சத்தம் போடும். ஒருநாள் ஆக்சிஜன் இல்லாமல் சமாளிப்போம் என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பட்டறைக்கு இறங்கினேன். மூன்று பத்துக்கு வந்தது. பிளாஸ்டர் மூட்டைகளுக்கும் பாலிஷ் மிஷினுக்கும் நடுவில், வாயில் துணியைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

படியில் காலடிச் சத்தம். ஒரு கையால் சுவரைப் பிடித்து, இன்னொரு கையால் துண்டைக் கண்ணோடு அழுத்திக்கொண்டு அவள் இறங்கி வந்தாள்.

"மேல வாங்க."

"சத்தம் போடுமே."

"போடட்டும்."

இருட்டில் அவளே தடவி முகமூடியை எடுத்துக் கொடுத்தாள். அவளே குழாயைத் திருகினாள். நான் கட்டில் விளிம்பில் குனிந்து உட்கார்ந்தேன், அவள் என் முதுகுக்குப் பின்னால் சுருண்டு படுத்தாள். நான் ஆடினால் கட்டில் ஆடும், கட்டில் ஆடினால் அவளுக்கு வலிக்கும். முதல்முறையாக ஆடாமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை. அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "ஆடுங்க, பரவாயில்ல" என்றாள். பதினோரு நிமிஷம்.

குழாயை மூடியதும், "என் மாத்திரை அலமாரில இருக்கு" என்றாள். விளக்கைப் போடாமல் கண்ணாடியில்லாத கதவைத் திறந்து கையை விட்டேன். அவள் துணிகள் தட்டுப்பட்டன. மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும், மடித்து மடித்து, பழைய இடத்திலேயே. அதற்கு அடியில் மாத்திரை அட்டை, ஒன்றுகூடக் குறையாமல். ஒன்றைப் பிரித்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

தண்ணீர் எடுக்கப் போகும்போது கதவோரம் பார்த்தேன். பை இல்லை.