அழாத பிள்ளை

3 யூன் 2022, வெள்ளி

எழுத்துகள் கோணலாக நிற்கின்றன. பார்க்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வலைக் கயிறு இழுத்துப் பழகிய கை இது. பேனை இதற்குப் புதிது. ஆனாலும் இன்று வினாயகமூர்த்தி என்று என் பெயரை நிறுத்தாமல் எழுதிவிட்டேன்! தனியாக இருந்து சிரித்தேன்.

எழுத்துக் காட்டித் தந்தது பேத்தி கம்சாயினி, வயிற்றில் பிள்ளையோடு. அந்தப் பிள்ளைக்கு இப்போது மூன்று மாதம். பெண். தகப்பன் வேலை தேடிக் கொழும்புக்குப் போனவன். பால்மா விலையைக் கேட்கவே முடியாது. கிளினிக்கில் தாய்மாருக்குத் தரும் திரிபோஷ சத்துமாவும் வருவதில்லை. எங்கள் மருத்துவமாது பஹீமா மிஸ், பெற்றோல் இல்லாமல் வாவிக்கு அந்தப் பக்கம், எழுவான்கரையிலேயே நின்றுவிட்டா. பிள்ளையை நிறுத்துப் பார்த்துக் கனநாள்.

ஆனால் நல்ல பிள்ளை. அழுவதே இல்லை. அதனால்தான் எனக்கு எழுத முடிகிறது.

7 யூன், செவ்வாய்

கண்ணகை அம்மன் கோயிலில் நேற்று வருடச் சடங்குக்குக் கதவு திறந்தார்கள். சடங்கு முடியும்வரை எந்த வீட்டிலும் மீன் இல்லை. கம்சாயினி சோறும் சம்பலும் தின்கிறாள்.

பிள்ளை இன்றும் அழவில்லை. பக்கத்து வளவு இராசாத்தி வந்து தொட்டிலைக் குனிந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு கும்பிட்டாள்.

“இஞ்சப் பாருகா கம்சாயினி, கண் வெட்டுதில்ல. அம்மாள் வந்து இரிக்கா.”

எனக்கு உடம்பு சிலிர்த்தது. சந்தோசமாகவும் இருந்தது. என் வீட்டிலா?

9 யூன்

பெண்கள் வருகிறார்கள். பூ, கற்பூரம், வேப்பிலை. ஒருவரும் வாய் திறப்பதில்லை. உச்சி வெயிலில் நாய்கூடக் குரைக்கவில்லை. பிள்ளையின் கண் மட்டும் திறந்திருக்கிறது. ஆளைப் பார்க்கவில்லை, ஆளுக்குப் பின்னால் எதையோ பார்க்கிறது. நான் திரும்பிப் பார்த்தேன். வாவிதான் கிடந்தது.

“பால் குடிக்குதில்லையே, அப்புச்சி?” என்று கம்சாயினி கேட்டாள்.

இராசாத்தி முந்திக்கொண்டாள். “அம்மாளுக்கு என்னகா பசி?”

10 யூன்

எழுத மனமில்லை. வீட்டில் சத்தமே இல்லை.

11 யூன், சனி

இன்று பிள்ளையைத் தூக்கினேன். கையில் பாரமே இல்லை. உச்சிக்குழி உள்ளே விழுந்திருந்தது. இந்தப் பார்வையை எங்கே கண்டேன்? எங்கேயோ கண்டிருக்கிறேன் —

மத்தியானம்தான் பிடிபட்டது. பறிக்கூடைக்குள் துள்ளி ஓய்ந்த மீன் இப்படித்தான் பார்க்கும். சாகவில்லை. துள்ளப் பெலன் இல்லை.

ஐயோ, நாங்க என்னத்தக் கும்பிட்டுக்கிட்டு இரிக்கம்?

12 யூன், ஞாயிறு

விடியத் தோணி எடுத்து எழுவான்கரைக்குப் போனேன். நான் சொன்னதை மிஸ் முழுக்கக் கேட்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வந்து ஏறினா.

“பெற்றோல் கேக்காத வாகனம் உங்களிட்டத்தான் இரிக்கு, அப்புச்சி.”

சிரித்தோம். வீடு வரும்வரைதான் அந்தச் சிரிப்பு.

வாசலில் இராசாத்தி மறித்தாள். “சடங்குக்குள்ள வெளியாளக் கூட்டி வாறயளா? அம்மாள் கோவிச்சா ஊர் தாங்குமா?”

மிஸ் செருப்பைக் கழற்றினா. தொட்டிலில் கிடந்த பூக்களை எறியவில்லை. எடுத்து ஓரமாக வைத்தா. பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளினா. கிள்ளிய தோல் கிள்ளியபடியே நின்றது. அப்போதும் பிள்ளை அழவில்லை.

“அழுறதுக்குப் பெலன் இல்ல இவக்கு. தாய்க்கும் சாப்பாடு இல்ல, பால் எங்கால வரும்? இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகோணும்.”

தாயையும் பிள்ளையையும் ஏற்றித் தோணியைத் தள்ளினேன். பெண்கள் கரையில் வரிசையாக நின்று கும்பிட்டார்கள். யாரைக் கும்பிட்டார்கள்? கம்சாயினி திரும்பிப் பார்க்கவில்லை.

14 யூன்

இன்று குளிர்த்தி, சடங்கின் கடைசி நாள். உடுக்கைச் சத்தம் வீடுவரை கேட்கிறது. ஆளில்லாத தொட்டிலில் புதுப் பூ கிடக்கிறது. நான் வைக்கவில்லை.

18 யூன், சனி

கம்சாயினி ஆஸ்பத்திரியில் இருந்து போனில் கோல் எடுத்தாள். அவள் பேசியது அரைவாசிதான் விளங்கியது. பின்னால் பிள்ளை வீரிட்டு அழுகிறது!

“கத்திக்கிட்டே இரிக்கா அப்புச்சி. வாட்டில ஒருத்தரும் கண் மூடல்ல.”

“போனை வைக்காத புள்ள, வைக்காத. இன்னும் கொஞ்சம் கேப்பம்.”

20 யூன், திங்கள்

காலையில் இராசாத்தி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“அண்ணே, எங்கட மகள்ட பிள்ளையும் நேத்தையில இருந்து அழுதில்ல.”

நான் நேரே துறைக்கு நடந்தேன்.

இப்போது எழுவான்கரையில் தோணியைக் கட்டிவிட்டு இருந்து எழுதுகிறேன். மிஸ் தராசை எடுத்துவரப் போயிருக்கிறா. இராசாத்தியின் மகள் வீட்டுக்குத்தான் முதலில். பிறகு எங்கள் கரை முழுக்க, பிள்ளை உள்ள ஒவ்வொரு வாசலிலும் நின்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். சத்தம் வராத வீட்டுக்குள் போக வேண்டும். ஒரு கிழமை எடுக்கும். அது முடிய, வாற திங்கள் மிச்சத்தை எழுதுவேன்.