அப்பா போடாத கையெழுத்து

துர்க்கை துணை.

பரிசால்,
கார்த்திகை, 1934

சிரஞ்சீவி நீலாத்ரிக்கு அண்ணி சரஜூபாலாவின் ஆசிகள். அந்தமான் சிறையில் இது உன் கைக்கு எப்போது வருமோ, வழியில் யார் யார் பிரித்துப் படிப்பார்களோ! படிக்கட்டும்.

அப்பா போய்விட்டார், தம்பி. லட்சுமி பூஜையன்று காலை. காய்ச்சல்தான், இறங்கவே இல்லை. கீர்த்தன்கோலா ஆற்றங்கரையில் உன் அண்ணா கொள்ளி வைத்தார். சர்க்கார் கொடுத்த ராய் பகதூர் பதக்கத்தை என்ன செய்வது என்று தெரியாமல் பெட்டியிலேயே வைத்திருக்கிறோம்.

நீ வீட்டை விட்டுப் போன அன்று அவரை வெள்ளைக்காரனின் நாய் என்று சொன்னாய். அவரும் அதன்பின் உன் பெயரைச் சொன்னதில்லை. ஆனால் இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். மழைக்காலத்தில் ஓர் அதிகாரி வந்தார். "என் மகன் தன் தவற்றை உணர்ந்துவிட்டான், அவனுக்கு நான் பொறுப்பு" என்று அப்பா கையெழுத்துப் போட்டால் உன்னை விட்டுவிடுவார்களாம். அம்மா அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"அவன் பண்ணது தப்புன்னு இந்த வீட்டுக்குள்ள ஆயிரம் தடவ சொல்லிருக்கேன். அந்த ஆள் முன்னாடி ஒரு தடவகூட சொல்ல மாட்டேன்" என்றார்.

அம்மா அன்றிலிருந்து அவரோடு பேசவில்லை. கடைசிவரை.

உன் தங்கை புலு இப்போது உன்னைப் போலவே ஆகிவிட்டாள். சீமைத்துணிக் கடை முன்னால் கொடியோடு நின்றவளை அப்பா நடுத்தெருவில் திட்டித் தீர்த்தார். திரும்பி வரும்போது கையில் குடை இல்லை. வெயிலில் நிற்கிறாளே என்று அவளிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

காய்ச்சலில் என்னைக் கூப்பிட்டு, "நான் கையெழுத்துப் போடலன்னு அவனுக்கு எழுது. வேற ஒண்ணும் எழுத வேணாம்" என்றார். எழுதிவிட்டேன். போட்டிருந்தால் உன்னைப் பார்த்துவிட்டுப் போயிருப்பாரே என்று மனம் அடித்துக்கொள்கிறது.

நீ வரும்வரை இலிஷ் மீனைத் தொடமாட்டேன் என்று அம்மா சபதம் எடுத்திருந்தாள். விதவைக்கு மீன் ஆகாதே, இனி நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்தாலும் அவளால் தொட முடியாது. வெள்ளைப் புடவையில் அவளைப் பார்க்க எனக்கே பயமாக இருக்கிறது.

அதே தாள் இனி உன்னிடம் வரும் என்கிறார்கள். அம்மாவிடம் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "போடுன்னும் எழுதாத, போடாதன்னும் எழுதாத. அவன் தலை குனியக் கூடாதுன்னுதான் அவங்க அப்பா போடலன்னு எனக்கு இப்பத்தான் புரியுது. அங்க மறுபடி பட்டினிப் போராட்டம்னு ஊர்ல பேசிக்கறாங்க. அவன சாப்பிடச் சொல்லு" என்றாள்.

அன்னை காளி உன்னைக் காக்கட்டும். சாப்பிடு, நீலு.

உன் அண்ணி,
சரஜூபாலா